குட்டியைக் கொண்டு போய் விட்டால் பூனை குறையுமா?

புதுடில்லி:

"என்னய்யா, குட்டி போட்ட பூனை மாதிரி சுற்றிச் சுற்றி வருகிறீர்?" என்று ஆபீஸில் ஹெட்கிளார்க் கேட்டால் சிரித்துக் கொண்டே நாற்காலியில் போய் உட்கார்ந்து விடுவோம். நம் ஊரில் அன்றாடம் புழங்கும் பேச்சு இது. ஆனால் குட்டி போட்ட பூனை ஏன் அப்படிச் சுற்றுகிறது என்று நம்மில் எத்தனை பேர் யோசித்திருப்போம்? நானும் யோசித்ததில்லை, சென்ற ஆண்டு மார்ச் மாதம் வரை.

கோல் மார்க்கெட் பகுதியில் பூனைக்குப் பஞ்சம் கிடையாது. 1921-ல், புதுடில்லி நகரம் உருவாகி வந்த காலத்தில் கட்டப்பட்ட வட்டச் சந்தை இது. மீனும் கறியும் விற்ற இடம். சுற்றிலும் சர்க்கார் குவார்ட்டர்ஸ். மந்திர் மார்க் தமிழ்ப் பள்ளிக்கூடமும் நடக்கும் தூரத்தில் இருந்ததால், தென்னாட்டிலிருந்து குமாஸ்தா வேலைக்கு வந்த பல குடும்பங்கள் முதலில் மூட்டையை இறக்கியது இங்கேதான். மீன் இருந்த இடத்தில் பூனை இருந்தது. எலி இருக்கும் வரை இன்னும் இருக்கும். பழைய கடைகள் போய்விட்டன, பல பழைய வீடுகளும் போய்விட்டன. பூனைகள் போகவில்லை.

எங்கள் வீட்டுப் பின்கட்டில் பழைய டிரங்குப் பெட்டிக்குப் பின்னால், சாம்பல் நிறப் பூனை ஒன்று மூன்று குட்டிகள் போட்டது. வீட்டில் கைக்குழந்தை. "துணியெல்லாம் நாறுகிறது, எங்காவது கொண்டு போய் விடுங்கள்" என்றாள் மனைவி. மார்ச் கடைசி வாரத்தில் ஒருநாள் விடியற்காலை, இன்னும் கண் திறக்காத அந்த மூன்றையும் கோணிப் பையில் போட்டு, சைக்கிளில் மாட்டி, பிர்லா மந்திருக்குப் பின்னால் ரிட்ஜ் காட்டோரம் விட்டு விட்டு வந்தேன். அந்தக் காரியத்தைச் செய்தவன் நான்தான். வேறு யார் மேலும் பழி போடுவதற்கில்லை.

மூன்று நாள் அந்தப் பூனை வீட்டைச் சுற்றியது. டிரங்குப் பெட்டியின் பின்னால் போகும், வரும், கட்டிலுக்கு அடியில் பார்க்கும், மறுபடியும் பெட்டிக்குப் போகும். வயிற்றடியில் பால் கட்டிக் கனத்திருந்தது. நாலாம் நாள் சத்தம் அடங்கியது. "பார்த்தாயா, மறந்து விட்டது" என்றேன் மனைவியிடம்.

மறக்கவும் இல்லை, விஷயம் முடியவும் இல்லை. பத்து நாள் கூட ஆகியிருக்காது, ராத்திரியில் வேறு விதமான கூச்சல் ஆரம்பித்தது. மதில் மேல் இரண்டு கடுவன் பூனைகள் வந்து உட்கார்ந்தன. ஜூன் இரண்டாவது வாரம், டில்லி வெயில் உச்சத்தில் இருந்தபோது, அதே டிரங்குப் பெட்டிக்குப் பின்னால் குட்டிகள் கத்தும் சத்தம் கேட்டது. எட்டிப் பார்த்தேன். இம்முறை ஐந்து!

மூன்றைக் கொண்டு போய் விட்டேன், ஐந்து வந்தது. இது விதியா, பழியா என்று எதிர்வீட்டு மாமி கேட்டார். இரண்டும் இல்லை. ஹார்மோன் என்று பின்னால் ஒரு கால்நடை டாக்டர் சொன்னார். அவர் சொன்னதையும், அதன் பிறகு நான் தேடிப் படித்ததையும் கோல் மார்க்கெட்டிலும் கரோல்பாக்கிலும் ஆர்.கே.புரத்திலும் இதே தொல்லையில் இருக்கும் வாசகர்களுக்குச் சொல்லத்தான் இக்கட்டுரை.

வெளிச்சக் கணக்கு

பூனைக்குப் பருவம் வருவது வெளிச்சத்தின் கணக்கில். பகல் குறுகி இரவு நீண்டால், மூளையில் உள்ள பீனியல் சுரப்பி மெலடோனின் என்ற ஹார்மோனை அதிகம் சுரக்கிறது. அது கருப்பைப் பக்கத்து வேலைகளைத் தூங்க வைக்கிறது. பகல் நீள நீள மெலடோனின் குறைந்து, சூலகம் விழித்துக் கொள்கிறது. ஈஸ்ட்ரோஜன் என்ற ஹார்மோன் ஏறுகிறது. தரையில் புரள்வதும், பின்பக்கத்தைத் தூக்குவதும், ராத்திரி முழுதும் குழந்தை அழுவது போல் கத்துவதும் அந்த ஈஸ்ட்ரோஜன் செய்யும் வேலை.

சென்னையில் ஆண்டின் மிகக் குறுகிய பகல் சுமார் 11 மணி 20 நிமிஷம். டில்லியிலோ டிசம்பர் கடைசியில் அது சுமார் 10 மணி 20 நிமிஷம்தான். ஆகையால்தான் நம் ஊர்ப் பக்கம் ஏறக்குறைய ஆண்டு முழுவதும் கேட்கும் பூனைக் கூச்சல், இங்கே குளிர் காலத்தில் சற்று அடங்கி, ஜனவரி போய் வெயில் எட்டிப் பார்த்ததும் கிளம்புகிறது. ஆனால் ராத்திரியெல்லாம் விளக்கு எரியும் கடைத்தெருப் பூனைக்கும், டியூப்லைட் வெளிச்சத்தில் வளரும் வீட்டுப் பூனைக்கும் இந்தக் கணக்கு கொஞ்சம் குழம்பி விடும். விளக்கையே அவை பகல் என்று எடுத்துக் கொள்கின்றன.

பூனையின் தனி வழி

நாய்க்குப் பருவம் வந்தால் சூலகத்திலிருந்து கருமுட்டை தானாக வெளிப்படும். பூனை அப்படி இல்லை. கடுவனுடன் சேர்ந்த பிறகுதான் மூளைக்குச் செய்தி போகிறது. மூளையின் அடியில் உள்ள பிட்யூட்டரி சுரப்பி எல்.எச். என்ற ஹார்மோனைக் கொட்டுகிறது. அதற்கடுத்த ஒன்றிரண்டு நாளில் கருமுட்டை வெளிப்படுகிறது. முயலுக்கும் இதே வழிதான். ஒருமுறை சேர்ந்தால் போதாமலும் போகலாம், பல முறை சேர்ந்தால் முட்டை வெளிப்படுவது ஏறக்குறைய நிச்சயம். ஆகவே தெருப்பூனை சினையாகாமல் தப்புவது அபூர்வம். ஒரே ஈற்றுக் குட்டிகளுக்குள் ஒன்று கறுப்பும் ஒன்று செம்பட்டையுமாக இருந்து, தகப்பன் வேறு வேறாக இருப்பதும் உண்டு.

முட்டை வெளிப்பட்ட இடத்தில் மஞ்சள் நிறத்தில் ஒரு திசு வளர்கிறது. அது புரோஜெஸ்டிரோன் என்ற ஹார்மோனைச் சுரக்கிறது. கர்ப்பத்தைக் கட்டிக் காப்பது இதுதான். கருத்தரிக்காமல் முட்டை மட்டும் வெளிப்பட்டால், சுமார் 40 நாள் பொய்ச் சினையாக இருந்துவிட்டு, பூனை மறுபடியும் பருவத்துக்கு வந்து விடும்.

64 நாள் அட்டவணை

பூனையின் கர்ப்ப காலம் ஏறக்குறைய 64 நாள். ஓரிரண்டு நாள் முன்பின் ஆகலாம். முதல் மூன்று வாரம் வெளியே ஒன்றும் தெரியாது, உள்ளே புரோஜெஸ்டிரோன் ஏறிக் கொண்டிருக்கும். மூன்றாவது வாரம் முலைக்காம்பு சிவந்து தடிக்கும். நாலாவது வாரத்தை ஒட்டி நஞ்சுக்கொடி ரிலாக்ஸின் என்ற இன்னொரு ஹார்மோனைச் சுரக்க ஆரம்பிக்கிறது. பிரசவத்துக்காக இடுப்புக் கட்டுகளைத் தளர்த்துவது இது. பூனை நிஜமாகவே சினையா, பொய்ச் சினையா என்று ரத்தம் எடுத்துச் சோதிப்பதும் இதை வைத்துத்தான்.

ஐந்தாவது வாரத்திலிருந்து புரோலாக்டின் ஏறத் தொடங்குகிறது. பிட்யூட்டரியில் சுரக்கும் இந்த ஹார்மோன்தான் பாலுக்கு எஜமான். கடைசி வாரத்தில் புரோஜெஸ்டிரோன் சரியச் சரிய, புரோலாக்டின் இன்னும் ஏறுகிறது. அதுவரை சோபாவிலும் மதிலிலும் படுத்த பூனை, திடீரென்று இருட்டான மூலையைத் தேடுவதும், பீரோவுக்குள் புகுந்து புடவையை மிதித்துப் படுக்கை பண்ணுவதும் இந்த மாற்றத்தின் விளைவு. எங்கள் டிரங்குப் பெட்டியைத் தேர்ந்தெடுத்ததும் அதனால்தான்.

பிரசவத்தின் போது கருப்பையைச் சுருக்கிக் குட்டியை வெளித்தள்ளுவது ஆக்ஸிடோசின். இதில் பூனைக்கு ஒரு சரித்திரப் பெருமையே உண்டு. 1906-ம் ஆண்டு ஹென்றி டேல் என்ற ஆங்கிலேய விஞ்ஞானி, பிட்யூட்டரியின் பின்பகுதிச் சாறு கருப்பையைச் சுருங்கச் செய்வதை முதன்முதலாகக் கண்டது ஒரு கர்ப்பிணிப் பூனையிடம்தான். அந்த ஹார்மோனை 1953-ல் அமெரிக்க ரசாயன விஞ்ஞானி வின்சென்ட் டு விக்னோ செயற்கையாகத் தயாரித்தார். 1955-ல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. இன்று பிரசவ ஆஸ்பத்திரிகளில் வலி எடுக்கவும், பிரசவித்த பின் ரத்தப்போக்கை நிறுத்தவும் நம் வீட்டுப் பெண்களுக்கு ஏற்றும் ஊசி அதுதான். நம் தாய்மார்களைக் காக்கும் மருந்துக்கு வழி காட்டியது பூனைத் தாய்.

பால் நின்றால் என்ன ஆகும்?

குட்டி முன்னங்காலால் மடியை மாறி மாறி அமுக்கிக் கொண்டே பால் குடிப்பதைப் பார்த்திருப்பீர்கள். அந்த அமுக்கலும் உறிஞ்சலும் நரம்பு வழியே மூளைக்குப் போகின்றன. உடனே ஆக்ஸிடோசின் பாலை இறக்குகிறது. கூடவே புரோலாக்டின் சுரந்து அடுத்த வேளைப் பாலுக்கு ஏற்பாடு செய்கிறது. குட்டி குடிக்கும் வரை புரோலாக்டின் உயர்ந்தே இருக்கும். அது உயர்ந்திருக்கும் வரை சூலகம் ஓரளவு அடங்கியிருக்கும்.

இப்போது குட்டியை எடுத்து விட்டால்?

முதலில் பால் கட்டிக் கொள்கிறது. மடி கனத்து வலிக்கிறது, சில சமயம் சீழ் கூடப் பிடிக்கிறது. உடம்பு முழுதும் தாய்மைக்குத் தயாராகி நிற்க, குட்டி இல்லை. குட்டி போட்ட பூனை சுற்றிச் சுற்றி வருவது இதனால்தான். பிறகு உறிஞ்ச ஆள் இல்லாததால் புரோலாக்டின் விழுந்து விடுகிறது. எங்கள் ரயில்வே பாஷையில் சொன்னால், சூலகத்துக்கு லைன் கிளியர் கிடைத்து விடுகிறது. ஓரிரு வாரத்தில் பூனை மறுபடியும் பருவத்துக்கு வருகிறது. அதிலிருந்து 64 நாள் எண்ணிக் கொள்ள வேண்டியதுதான். எட்டு வாரம் பால் கொடுத்து ஆற அமர அடுத்த ஈற்றுக்குப் போக வேண்டிய பூனையை, நானே அவசரப்படுத்தி விட்டிருக்கிறேன்.

காட்டில் இதைத் தெரிந்து செய்கிறதோ தெரியாமல் செய்கிறதோ, ஆண் சிங்கம் செய்கிறது. புதிதாக ஒரு கூட்டத்தைப் பிடித்த ஆண் சிங்கம், பழைய சிங்கத்தின் குட்டிகளைக் கொன்று விடும். பால் நின்ற தாய்ச் சிங்கம் சீக்கிரமே பருவத்துக்கு வரும். கோணிப் பையோடு ரிட்ஜுக்குப் போன நான் செய்ததும் அந்தச் சிங்கத்தின் வேலைதான் என்று டாக்டர் சொன்னபோது எனக்குத் தலை நிமிரவில்லை.

"பால் குடுக்கறவரைக்கும் சூல் பிடிக்காது தம்பி, எங்க பாட்டி சொல்லுவா. அப்ப குட்டியை விட்டு வெச்சா தொல்லை இல்லை, அப்படித்தானே?" என்று எதிர்வீட்டு மாமி கேட்டார். பாட்டி சொன்னது பெண்களுக்கு ஓரளவு பொருந்தும். பிறந்த குழந்தைக்குத் தாய்ப்பால் மட்டுமே கொடுக்கும் முதல் ஆறு மாதம் கருத்தரிப்பது குறைவு. பூனைக்கு அந்தக் காவல் பலமில்லை. குட்டி பால் குடித்துக் கொண்டிருக்கும்போதே பருவத்துக்கு வந்து, ஒரு ஈற்று மடியிலும் மறு ஈற்று வயிற்றிலுமாக நிற்கும் பூனைகள் உண்டு. ஆகக் குட்டியை எடுத்தால் நிச்சயம் சீக்கிரம் வரும். எடுக்காவிட்டாலும் வராது என்ற உத்தரவாதம் இல்லை.

உயிர் போக இருந்தது

அந்த ஐந்து குட்டிகளுக்கு மூன்று வாரம் ஆனபோது ஒரு ராத்திரி, தாய்ப் பூனை கால் விறைத்து நடுங்கத் தொடங்கியது. மூச்சு இரைத்தது. கண் நிலை குத்தியது. இம்முறை கோணிப் பை எடுக்கவில்லை. அட்டைப் பெட்டியில் வைத்து ஆட்டோவில் கால்நடை டாக்டரிடம் ஓடினேன். ரத்தத்தில் சுண்ணாம்புச் சத்து, அதாவது கால்சியம், வற்றி விட்டது என்றார். தன் எலும்பிலும் ரத்தத்திலும் இருந்ததைப் பாலாக்கிக் கொடுத்து விட்டிருக்கிறது. நாளத்தில் மெதுவாகக் கால்சியம் ஏற்றினார். அரை மணியில் நடுக்கம் நின்றது. ஒரு நாள் குட்டிகளைப் பிரித்து வைத்து, பூனைக்குட்டிக்கென்று விற்கும் பால் பவுடரைக் கரைத்துப் புகட்டச் சொன்னார்.

"என்ன சாப்பாடு போடுகிறீர்கள்?" என்றார். "தயிர் சாதம்" என்றேன். அவர் சிரிக்கவில்லை.

பால் கொடுக்கும் பூனைக்குச் சாதாரண நாளைப்போல் இரண்டு, மூன்று மடங்கு ஆகாரம் வேண்டும். தவிர, டாரின் என்ற சத்தைப் பூனையின் உடம்பால் போதிய அளவு தானே செய்து கொள்ள முடியாது. அது மீன், கறியில் உண்டு, அரிசி பருப்பில் இல்லை. டாரின் குறைந்தால் கண் கெடும் என்று 1975-லும், இருதயம் கெடும் என்று 1987-லும் விஞ்ஞானிகள் கண்டார்கள். சினைப் பூனைக்குக் கரு கலைவதும், குட்டி நோஞ்சானாகப் பிறப்பதும் இதனால் நேரும். எங்கள் வீட்டில் மீன் சமைப்பதில்லை. இப்போது பூனைக்கென்று விற்கும் தீனிப் பொட்டலம் வாங்கிப் போடுகிறேன். பசும்பாலும் உகந்ததல்ல. வளர்ந்த பூனை பலவற்றுக்குப் பால் ஜீரணமாகாது, குட்டிகளுக்கோ பேதி கண்டு விடும்.

என்ன செய்யலாம்?

வழி ஒன்றுதான், கருத்தடை ஆபரேஷன். குட்டிகள் நாலாவது வாரம் முதல் மெல்ல மெல்லத் தீனிக்குப் பழகும். எட்டு வாரத்தில் தாய்ப்பால் மறந்து விடும். அதுவரை தாயைக் கடுவன் கண்ணில் படாமல் வீட்டுக்குள் வைத்துக் கொண்டு, பால் வற்றியதும் ஆபரேஷன் செய்து விடலாம். தெருப்பூனை, மறுபடி கையில் சிக்காது என்றால் பால் கொடுக்கும் போதே செய்வதும் உண்டு. பால் நின்று விடுமோ என்ற பயம் வேண்டாம். பால் பிட்யூட்டரியின் பொறுப்பு, சூலகத்தின் பொறுப்பு அல்ல. சூலகத்தையும் கருப்பையையும் எடுத்த பிறகும் குட்டி உறிஞ்ச உறிஞ்சப் பால் சுரக்கும்.

குட்டிகளையும் மறக்கக் கூடாது. நாலு, ஐந்து மாதத்திலேயே சில பெட்டைக் குட்டிகள் பருவத்துக்கு வந்து விடும். ஆண்டுக்கு இரண்டு, மூன்று ஈற்று, ஈற்றுக்கு மூன்று முதல் ஐந்து குட்டி என்று பெருக்கிப் பாருங்கள்.

சிலர் மருந்துக் கடையில் கருத்தடை மாத்திரை வாங்கி மீனில் வைத்துக் கொடுக்கிறார்கள். இவை புரோஜெஸ்டிரோன் இனத்து மருந்துகள். டாக்டர் எழுதித் தராமல் கொடுத்தால் கருப்பையில் சீழ், மடியில் கட்டி, நீரிழிவு என்று வேறு வினையில் கொண்டு போய் விடும்.

டில்லியில் தீஸ் ஹசாரியில் சர்க்கார் கால்நடை ஆஸ்பத்திரி இருக்கிறது. ராஜா கார்டனில் 1980-ல் தொடங்கிய சஞ்சய் காந்தி மிருகப் பராமரிப்பு மையம் இருக்கிறது. போகும் முன் ஆபரேஷன் நாளையும் செலவையும் விசாரித்துக் கொள்வது நல்லது.

இன்னொன்று. பட்டினியும் தாகமும் நேரும் இடத்தில் ஒரு பிராணியைக் கைவிடுவது 1960-ம் ஆண்டு மிருக வதைத் தடுப்புச் சட்டத்தின் 11-வது பிரிவுப்படி குற்றம். இது தெரியாமல்தான் சைக்கிளை மிதித்தேன். தெரியாது என்பது சமாதானம் ஆகாது. கண் திறக்காத குட்டிக்குத் தன் உடம்புச் சூட்டைக் காத்துக் கொள்ளக் கூடத் தெரியாது. தாய் நக்கிக் கொடுக்காமல் அதற்குச் சிறுநீர் கூடப் பிரியாது. ரிட்ஜ் ஓரத்தில் அந்த மூன்றுக்கும் என்ன ஆகியிருக்கும் என்று எழுத வேண்டியதில்லை.

ஐந்து குட்டிகளில் இரண்டை ஆபீஸ் நண்பர்கள் எடுத்துக் கொண்டார்கள். ஒன்றைப் பால்காரர் கேட்டு வாங்கிப் போனார். ஒன்றை, "வீட்டில் எலி ஜாஸ்தி" என்று சொல்லிக் கொண்டே எதிர்வீட்டு மாமி எடுத்துப் போனார். இப்போது அது அவர் மடியில்தான் தூங்குகிறது, எலி தன் பாட்டில் ஓடுகிறது. ஐந்தாவது எங்களிடம். தாய்க்கு ஆகஸ்ட் கடைசியில் ஆபரேஷன் ஆயிற்று. அடையாளத்துக்குக் காது நுனியில் சிறிது வெட்டியிருக்கிறார்கள்.

இந்த ஆண்டு மார்ச் வந்தது, போயிற்று. மதில் மேல் கடுவன்கள் வந்து பார்த்து விட்டுப் போயின. ராத்திரிக் கூச்சல் இல்லை. டிரங்குப் பெட்டிக்குப் பின்னால் பழைய துணி ஒன்றை மனைவி விரித்து வைத்திருக்கிறாள். சாம்பல் பூனை அதில் படுத்துத் தூங்குகிறது. எழுந்தால் எங்கேயும் சுற்றுவதில்லை, நேராகத் தட்டுக்கு வருகிறது.